தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

உங்கள் நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை, டாக்டர் சாறே. போன தடவையே கவனித்தேன். எழுதும்போதெல்லாம் நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறீர்கள். அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு வைத்தால் போதும். காவலரிடம் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். என் கையை அவிழ்த்துவிட்டால் நானே செய்து தருவேன்.

நீங்கள் மலையாளத்தில் கேட்கிறீர்கள், நான் தமிழில் பதில் சொல்கிறேன், இருவருக்கும் புரிகிறது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இது யாருக்கும் புதிதில்லை. ஆனால் ஏன் மேடையில் பேசுகிறவனைப் போலப் பேசுகிறாய் என்று கேட்டீர்கள். சிரிக்காதீர்கள், இந்தத் தமிழை மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் கற்றேன். எங்கள் கடற்கரைத் துறையில் பேசுகிற தமிழில் பாதிக்குப் பாதி மலையாளம். மற்றவர்களுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

போன தடவை நீங்கள் ஒன்று சொன்னீர்கள். குழந்தை தன்னை முதலில் தாயின் முகத்தில்தான் பார்க்கிறது, பிறகு கூடப் பிறந்தவர்களின் முகத்தில், பிறகு ஊராரின் முகத்தில், இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் ‘நான்’ என்று ஒன்று உண்டாகிறது என்றீர்கள். இந்த அறையில் வேறு வேலை இல்லாததால் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் எல்லாருக்கும் தாய் ஒருத்திதான் என்று வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

என்னைப் பெற்றவள் மேரிக்குட்டி. கொல்லம் பக்கத்திலிருந்து வந்து, கோட்டுகாலுக்குத் தெற்கே எங்கள் கடற்கரையில் குடியேறிய வீடு. வீட்டில் மலையாளம்தான். எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் அவளுக்குத் தங்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையை, பிள்ளை தங்குகிற வீட்டுக்காரி ஒருத்தியிடம் விற்றுவிடுவார்கள். விலை ஒரு படி தவிடு. சாவு வந்து வாசலில் நின்றால், ‘இது என் பிள்ளை இல்லை, போ’ என்று பெற்றவள் சொல்லலாம் அல்லவா. என்னை வாங்கியவள் அடுத்த வீட்டு பவுலா. அந்த வீடு தமிழ். அவளுக்கு ஏற்கனவே ஒரு மகன் இருந்தான், பத்ரோஸ்.

இதெல்லாம் ஒரு சடங்குதான். விற்ற பிள்ளை பெற்றவளிடமே வளரும், வாங்கியவளை ‘அம்மா’ என்று கூப்பிடும், அவ்வளவுதான். ஆனால் நான் நடக்கத் தொடங்கும் முன்பே மேரிக்குட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அப்பன் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான், வரவில்லை. பவுலா வந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். தவிட்டுக்கு வாங்கியது நிஜமாகிவிட்டது.

அவள் என்னைக் குறைவாக நடத்தினாள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். காஞ்சிரங்குளம் சந்தையில் மீன் விற்று வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில்தான் கஞ்சி ஊற்றுவாள். அயிலைத் தலை ஒருநாள் அவனுக்கு, ஒருநாள் எனக்கு. என்னையும் ‘மக்கா’ என்பாள், அவனையும் ‘மக்கா’ என்பாள்.

ஊர்தான் மறக்கவில்லை. எலியா என்று எனக்கு ஞானஸ்நானப் பெயர் இருந்தும் தவிடன் என்றுதான் கூப்பிட்டார்கள். “எலே தவிடா, ஒன்னய எத்தன படிக்கு வாங்கினாவ?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். பத்ரோஸ் எங்கிருந்தாலும் ஓடி வந்து அவர்களை அடிப்பான். அடித்துவிட்டு, “இவன் எனக்க தம்பியாக்கும்” என்பான். எனக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. அதைக் கேட்பதற்காகவே நான் போய் வம்பை வாங்கியதுண்டு. உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தால்கூடச் சந்தோஷமாக இருப்பேன்.

இப்போது கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. கடலில் நிற்கிறவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் கரையில் இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று போதாது. கரையோரம் ஒன்று, அதற்குப் பின்னால் மேட்டில் ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றால், தான் இருக்கும் இடம் அவனுக்குத் தெரிந்துவிடும். இதைக் கணிச்சம் என்பார்கள். எங்கள் துறைக்கு முன்னால் தண்ணீருக்குள் இரண்டு பாறைகள் உண்டு. நடுவில் ஒரு கட்டுமரம் நுழைகிற அளவுக்கு வழி. கரைப் பாறை மேல் ஒற்றைப் பனை, பின்னால் மேட்டில் கோயில் கோபுரம். பனையும் கோபுரமும் ஒன்றாகத் தெரிந்தால் நேரே உள்ளே வரலாம்.

ஆடி மழையில் பனை தெரியாது. கோபுரம் வெள்ளை, அது தெரியும். பனை மேட்டின் கறுப்போடு கலந்துவிடும். ஆனால் ஆடியில்தான் கணவாய் மீன் கிடைக்கும், போகாமலும் இருக்க முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு. கட்டுமரம் திரும்பும் நேரத்தில், பனையின் அடியில் ஒருவன் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். கடலில் வருகிறவன் அவனையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்ப்பான். குறிக்கு நிற்பது என்று இதற்குப் பெயர். கட்டுமரக்காரனின் சொந்த ரத்தம்தான் நிற்க வேண்டும் என்பது வழக்கம். மனதில் பகை உள்ளவன் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பத்ரோஸ் செத்துப்போன தன் அப்பனின் கட்டுமரத்தைக் கடலில் இறக்கிய முதல் ஆடியிலேயே, “எலே, நீதான் நிக்கணும்” என்றான். பங்குச்சாமியாரிடம் சிலர் போய், தவிட்டுப் பிள்ளை எப்படிச் சொந்த ரத்தம் ஆவான் என்று கேட்டார்கள். பத்ரோஸ் விடவில்லை. நான் நின்றேன். ஒவ்வொரு ஆடியும் நின்றேன். அவன் அலைக்கு அப்பாலிருந்து என்னைக் கண்டதும் ஒரு கையைத் தூக்குவான். நான் யார் என்று கேட்டீர்களே சாறே, அன்றைக்கெல்லாம் கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன். பவுலாவின் மகன், பத்ரோஸின் தம்பி, குறிக்கு நிற்கிறவன்.

பிறகு எல்லைப் போராட்டம் வந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம். பத்ரோஸ் பாறசாலைக்குப் போவான், நானும் போவேன். அவனுக்கு அது ஒரு நியாயம், பேசுவான், கத்துவான், திரும்பும் வழியில் சோமன் நாயரின் சாயாக்கடையில் மலையாளத்தில் சிரித்துப் பேசிக் கடனுக்குச் சாயாவும் குடிப்பான். என்னால் அப்படி முடியவில்லை. நான் மலையாளம் பேசுவதையே விட்டுவிட்டேன். ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போனேன். கடைக்காரன் மலையாளத்தில் கேட்டான் என்று காலிப் புட்டியோடு திரும்பி வந்தேன். பத்ரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எலே, வெளக்குக்குத் தெரியுமாலே பாஷ?” என்றான். அவனுக்கு அது விளையாட்டு. பிறந்தபோதே கிடைத்த பொருளை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. தவிட்டுக்குக் கிடைத்தது என்றால்தான் கை வலிக்கப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

போன வருடம் ஊர்வலத்தில் எங்களைப் பிடித்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம். சுவரோரம் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரையாக உள்ளே கூட்டிக்கொண்டு போய் அடித்தார்கள். சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. பத்ரோஸை எனக்கு முன்னால் கூட்டிப் போனார்கள். வெளியே இழுத்து வந்தபோது அவன் வலது கால் தரையில் ஊன்றவில்லை, வாயெல்லாம் ரத்தம். அடுத்தது நான். எனக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் தயாராக இருந்தேன். அந்த அடி எனக்கு உரியது.

அப்போது பத்ரோஸ் தலையைத் தூக்கி அங்கே நின்ற இன்ஸ்பெக்டரிடம் மலையாளத்தில் சொன்னான்: “இவன் ஞங்ஙட ஆளல்ல, சாறே. மேரிக்குட்டியுடெ மோன். மலையாளியாணு.”

இவன் எங்கள் ஆள் இல்லையாம், மேரிக்குட்டியின் மகனாம், மலையாளியாம். எல்லார் முன்னாலும் சொன்னான். வரிசையில் எங்கள் கரைக்காரர்கள் இருந்தார்கள், கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, நிஜமா என்று கேட்டார். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. என் தோளைப் பிடித்துத் தெருவில் தள்ளிவிட்டார்கள். ஒரு அடிகூட விழவில்லை.

அங்கிருந்து கடற்கரை வரை நடந்தே வந்தேன். அந்த நடையில் எனக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்டீர்கள், அதைச் சொல்லத் தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் வழி விட்டார்கள், யாரோ ஒருவர் நேரம் என்ன என்று கேட்டார். பதில் சொல்ல எந்த மொழியில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

மற்றவர்கள் ஜெயிலில் இருந்தார்கள். நான் வீட்டில் இருந்தேன். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “ஒருத்தனாவது எனக்கு மிஞ்சினியே மக்கா” என்று என் தலையைத் தடவினாள். ஆனால் துறையில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சோமன் நாயர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சாயாவில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டு, “நீ நம்முடெ ஆளாணென்னு எனிக்கு பண்டே அறியாம்” என்றார். நீ நம்ம ஆள் என்று எனக்கு முன்பே தெரியும் என்கிறார். நல்ல மனுஷன், அன்பாகத்தான் சொன்னார். அந்தச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இந்தப் பக்கம் வா என்று ஒருவர், அந்தப் பக்கம் போ என்று மற்றவர்கள். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

சில மாதங்கள் கழித்து பத்ரோஸ் திரும்பி வந்தான். மாலை போட்டார்கள், வெடி போட்டார்கள். நொண்டிக்கொண்டு வந்தவனைத் தோளில் தூக்கினார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அவன் இறங்கி என்னிடம்தான் முதலில் வந்தான். “மூட்டு போச்சுலே. ஒனக்கு ஒண்ணும் ஆவல்லியே? அது மதி, அது போதும்” என்றான்.

நான் கேட்டேன், “நீ எதுக்கு அண்ணா அப்பிடிச் சொன்ன?”

“எதச் சொன்னேன்?”

அவனுக்கு நினைவே இல்லை, சாறே. என்னை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, அது அவனுக்கு நினைவில்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகு சிரித்தான். “ஓ, அதா? நீ அடி வாங்கப்பிடாதுன்னு சொன்னதாக்கும். ஒனக்க எலும்பு ஒடிஞ்சா ஆருலே குறிக்கு நிப்பா? நல்ல வேளையா நீயும் ‘அதே சாறே’ன்னு சொன்ன.”

‘ஆமாம் சாறே’ என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறந்தது உண்மை. என்ன சொன்னேன் என்று நினைவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லியிருக்க மாட்டேன். அவன் தன் மனச்சாட்சிக்காக அப்படிச் சேர்த்துக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன். காப்பாற்றினேன் என்கிறான். காப்பாற்று என்று நான் கேட்டேனா? என்னைக் காட்டிக் கொடுத்ததும் அல்லாமல் நான் நன்றியும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

சண்டை போடவில்லை. சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து வலை உலர்த்தினோம். அவனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். காலில் அடிபட்டும் அவன் எப்படித் தன் இடத்தில் அசையாமல் இருந்தான் என்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அவன் தன்னை யார் என்று ஒருநாளாவது கேட்டுக்கொண்டிருப்பானா?

இந்த ஆடியில் அவன் வழக்கம்போலச் சொன்னான், “எலே, நீதான் நிக்கணும்.” நானும் வழக்கம்போல வேட்டியை எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறினேன். காலையில் நல்ல மழை. பனையடிக்குப் போனேன். வேட்டியை விரித்தேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சொந்த ரத்தம்தான் இங்கே நிற்க வேண்டும் என்பது வழக்கம். அவனே நான் அவன் ஆள் இல்லை என்று அரசாங்கத்தின் முன்னால் சொல்லியிருக்கிறான். அப்படியானால் நான் இங்கே நிற்பது தவறு. இதில் எங்கே பிசகு இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். எனவே தள்ளி நின்றேன். அதிகம் இல்லை, ஒரு வீட்டின் அகலம் இருக்கும்.

கட்டுமரம் தெரிந்தது. வேட்டியை நன்றாக உயர்த்திப் பிடித்தேன். காற்றில் அது மடங்கிவிடக் கூடாது என்று கீழ் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டேன். பத்ரோஸ் ஒரு கையைத் தூக்கினான். பிறகு என்னையும் கோபுரத்தையும் ஒரு கோட்டில் கொண்டுவர, துடுப்பை மாற்றிப் போட்டுக் கட்டுமரத்தைத் திருப்பினான். வழியை விட்டு விலகி நேரே என்னை நோக்கி வந்தான். அவன் கண் என்மேல்தான் இருந்தது. எனக்குப் பல மாதங்களாக இல்லாத நிம்மதி வந்தது. தண்ணீருக்குள் இருந்த பாறையை அவன் பார்த்தானா என்று நீங்கள் கேட்டால், பார்த்திருக்க மாட்டான். நான் நிற்கும்போது அவன் தண்ணீரைப் பார்க்க மாட்டான்.

நிக்கோலஸைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டுமரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும், அவன் இரண்டாவது ஆள். எனக்கும் அவனுக்கும் ஒரு மனஸ்தாபமும் கிடையாது. அதற்கு முந்தின மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லவன். அவனை நான் நினைக்கவில்லை.

இரண்டு உடல்களும் மறுநாள் ஒதுங்கின. குழி வெட்டியது நான். பத்ரோஸின் தலைமாட்டில் மண் போட்டதும் நான்தான், யாரும் கேள்வி கேட்கவில்லை. மழையும் அலையும் சேர்ந்து கொண்டுபோனது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “இனி எனக்கு நீ மட்டும்தான் மக்கா உண்டு” என்று அழுதாள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை, என் அண்ணன் செத்திருந்தான்.

அதன் பிறகு இருந்த வாரங்கள் நல்ல வாரங்கள். அவன் சட்டை எனக்குச் சரியாக இருந்தது. சந்தைக்கு அம்மாவின் கூடையைச் சுமந்தேன். யாராவது கேட்டால், “எனக்க மோனாக்கும்” என்பாள். எங்கள் துறையில்கூடத் தவிடன் என்று யாரும் கூப்பிடவில்லை. சோமன் நாயரிடம் மலையாளத்தில்கூடப் பேசினேன். பயமில்லாமல் பேசினேன். மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை வந்து, விளவங்கோடு வரை மதராஸ் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே என்று சொல்லிவிட்டார்கள் என்று கடையில் ஒரே கூச்சல். எனக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஏன் சொன்னாய் என்று போலீஸ்காரர்களும் கேட்டார்கள். தாயிடம் மகன் எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் மகன் என்பதற்கு என்ன அர்த்தம்? ஒரு சாயங்காலம் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களிடம் சொன்ன இதே மாதிரி, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பத்ரோஸைக் கொன்றது நான்தான் என்று சொன்னேன். அவள் மிச்சம் இருந்த மீனையும் ஆய்ந்து முடித்தாள். கையைக் கழுவினாள். நேரியலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “வா” என்றாள். நான் கூடவே போனேன். எங்கே என்று கேட்கவில்லை. அவள் முன்னால் நடக்க, சின்ன வயதில் சந்தைக்குப் போவதைப் போல, நான் பின்னால் போனேன்.

ஸ்டேஷனில் அவள்தான் எல்லாம் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் என்னைக் காட்டி, “இது ஒங்க மோன் தானே?” என்று கேட்டார்.

அம்மா என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். “இல்ல சாறே. எனக்கு ஒரு மோனாக்கும் உண்டாயிருந்தது. அவன் கடல்ல போயிட்டான். இவன் ஆருன்னு எனக்குத் தெரியாது.”

அவள் என்னைக் கைகழுவிவிட்டாள் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களாம், காவலர் வந்து சொன்னார். அவர்களுக்கு அவளைத் தெரியாது. அவ்வளவு போலீஸ்காரர்கள் நிற்கும்போது ஒருத்தி தன் பிள்ளையைக் காட்டி இவன் என்னுடையவன் இல்லை என்று சொன்னால், அது அவனைக் காப்பாற்றத்தானே இருக்கும், சாறே?